ரூ.1.77 லட்சம் கட்டி யூஎக்ஸ் டிசைன் படிக்கலாமா? ஏஐ வந்த பிறகு மாறிப்போன கணக்கு



போன மாசம் ஒரு தங்கச்சி மெயில் போட்டிருந்தாங்க. ஓஎம்ஆர் பக்கம் ஒரு ஐடி கம்பெனியில டெஸ்டிங் வேலை. வயசு 26. கையில் வர்ற சம்பளம் ரூ.42,000. மெயிலோட சாரம் இதுதான்: "அண்ணா, டெஸ்டிங்ல இனி எதிர்காலம் இல்லைன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. யூஎக்ஸ் டிசைன் கோர்ஸ் ஒண்ணு பார்த்திருக்கேன். ஃபீஸ் ஒன்றரை லட்சம், ஜிஎஸ்டி தனி. இஎம்ஐ போட்டுத் தர்றோம்னு சொல்றாங்க. ஆனா டிசைனையே ஏஐ பண்ணிடுதுன்னு ரூம்மேட் சொல்றா. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சேர்ந்தா 10,000 தள்ளுபடி. என்ன பண்ணட்டும்?"

இதே கேள்வி நம்மில் நிறைய பேருக்கு இருக்கும். கோர்ஸ் பேர் மட்டும் வேறயா இருக்கலாம். அதனால இன்னைக்கு ரெண்டு கணக்கையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கலாம். ஒண்ணு பணக் கணக்கு. இன்னொண்ணு, ஏஐ வந்த பிறகு யூஎக்ஸ் வகுப்பறைக்குள்ள என்ன மாறியிருக்கு, காசு கொடுத்துக் கத்துக்க வேண்டியது இப்போ எது என்ற கணக்கு. இரண்டாவது தெரியாம முதலாவதைப் போட முடியாது.

முதல்ல, யூஎக்ஸ்னா என்ன?

யூசர் எக்ஸ்பீரியன்ஸ். ஒரு ஆப், ஒரு இணையதளம், ஒரு ஏடிஎம் மெஷின் எதுவானாலும், அதைப் பயன்படுத்தும் ஆள் தடுமாறாம, ஏமாறாம தன் வேலையை முடிக்கிற மாதிரி அமைக்கிறது. 1993-ல் ஆப்பிளில் சேர்ந்த டான் நார்மன் என்ற அறிஞர் தன் பதவிப் பெயரிலேயே இந்தச் சொல்லை வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் இது பரவலான புழக்கத்துக்கு வந்தது.

நமக்குப் பழக்கமான ஒரு உதாரணம் சொல்றேன். யூபிஐ-யில் 'கலெக்ட் ரிக்வெஸ்ட்' என்று ஒன்று இருந்தது. எதிராளி உங்ககிட்ட பணம் கேட்டு ஒரு வேண்டுகோள் அனுப்புவார். நீங்க பின் நம்பர் போட்டால் பணம் உங்க கணக்கிலிருந்து போகும். மோசடிக்காரர்கள் இதை எப்படிப் பயன்படுத்தினாங்க தெரியுமா? "உங்க பழைய சோபாவை வாங்கிக்கறேன், பணம் அனுப்பியிருக்கேன், பின் நம்பர் போட்டு வாங்கிக்கோங்க" என்று போனில் சொல்வாங்க. பணம் வருதுன்னு நம்பி பின் நம்பர் போட்டவங்க பணத்தை இழந்தாங்க.

அந்த ஸ்கிரீனில் எழுத்து தெளிவாத்தான் இருந்தது. எச்சரிக்கையும் இருந்தது. ஆனா காதில் ஒருத்தர் பேசிக்கிட்டே அவசரப்படுத்தும்போது ஸ்கிரீனை யார் படிப்பாங்க? கடைசியில், 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு இடையிலான கலெக்ட் ரிக்வெஸ்ட்டையே நிறுத்தச் சொல்லிவிட்டது என்பிசிஐ.

இந்த உதாரணத்தை ஞாபகத்தில் வைங்க. கட்டுரையோட மையம் இதில்தான் இருக்கு. "இந்த ஸ்கிரீனை இன்னும் நல்லா பண்ணிக் கொடு" என்று ஏஐயிடம் கேட்டால் அழகா அஞ்சு ஸ்கிரீன் தரும். "இந்த ஸ்கிரீனே வேண்டாம்" என்ற முடிவுக்கு வர, ஏமாந்தவங்ககூட உட்கார்ந்து என்ன நடந்துச்சுன்னு கேட்ட ஒரு ஆள் வேணும்.

2022 வரைக்கும் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தாங்க?

பெரும்பாலான குறுகிய கால கோர்ஸ்களுக்கு ஒரே அச்சுதான். முதல் சில வாரம் ஆராய்ச்சி: நாலு பேரைப் பேட்டி எடுத்து, 'பெர்சோனா' என்று ஒரு கற்பனைப் பயனாளரை உருவாக்கணும். அப்புறம் வயர்ஃபிரேம், அதாவது பெட்டி பெட்டியாகப் போடும் கோட்டுப் படம். அதன் பிறகு ஃபிக்மா மென்பொருளில் வண்ணம், எழுத்துரு, பட்டன் எல்லாம் சேர்த்து முழு ஸ்கிரீன். கடைசியில் இதையெல்லாம் தொகுத்து ஒரு 'கேஸ் ஸ்டடி', அதை வைத்து ஒரு போர்ட்ஃபோலியோ.

இதில் அதிக நேரம் தின்றது எது? ஃபிக்மா பகுதிதான். பட்டனை நேரா வைக்கிறது, ஒரே மாதிரி இடைவெளி விடுறது, இருபது ஸ்கிரீனை ஒன்றோடொன்று இணைக்கிறது. கை பழகுற வேலை. மாணவர்களுக்கும் அது பிடிக்கும், ஏன்னா கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஏதோ ஒண்ணு உருவாகுது. கோர்ஸ் நடத்துறவங்களுக்கும் வசதி, ஏன்னா மதிப்பெண் போடுறது சுலபம். விளைவு, எல்லார் போர்ட்ஃபோலியோவிலும் அதே சாப்பாடு டெலிவரி ஆப், அதே உடற்பயிற்சி ஆப்.

பிறகு என்ன ஆச்சு?

2024 ஜூன் மாசம் ஃபிக்மாவே ஒரு ஏஐ வசதியை அறிமுகப்படுத்தியது. என்ன வேணும்னு வார்த்தையில் எழுதினால் டிசைன் போட்டுத் தரும். ஆனால் சில நாளிலேயே சிக்கல் வந்தது. வானிலை ஆப் ஒன்று போட்டுத் தரச் சொன்னால், ஆப்பிளின் வானிலை ஆப்பை அப்படியே உரித்து வைத்த மாதிரி வருதுன்னு ஒரு டெவலப்பர் படம் பிடித்துக் காட்டினார். ஃபிக்மாவின் தலைமை நிர்வாகி டிலன் ஃபீல்ட் அந்த வசதியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்.

நிறுத்தினது கொஞ்ச காலம்தான். அதே ஆண்டு வேறு பெயரில் திரும்பி வந்தது. 2025 மே மாசம் கூகுள் 'ஸ்டிட்ச்' என்ற கருவியை வெளியிட்டது. அதே மாசம் ஃபிக்மா 'மேக்' என்ற கருவியை அறிவித்தது. இது படம் மட்டும் இல்லாம, தொட்டால் வேலை செய்யும் மாதிரி வடிவத்தையே தரும்.

ஆக, மாணவர் ரெண்டு வாரம் உட்கார்ந்து செய்த அசைன்மென்ட் ஒரு டீ ஆறுறதுக்குள்ள முடியுது. பார்க்க நல்லாவும் இருக்கு. இப்போ ஆசிரியர் எதற்கு மதிப்பெண் போடுவார்? ஸ்கிரீன் அழகா இருக்குன்னா? அது மாணவரோட திறமையா, கருவியோட திறமையா?

யூஎக்ஸ் கற்பித்தலை ஏஐ அசைத்தது இந்த இடத்தில்தான். இதுக்கு கோர்ஸ்கள் ரெண்டு விதமா பதில் சொல்லலாம்.

முதல் வகை: பழைய பாடத்திட்டத்தோட தலையில் 'ஏஐ' என்ற சொல்லை ஒட்டிக்கிறது. "ஏஐ பவர்டு யூஎக்ஸ் மாஸ்டர் புரோகிராம்". உள்ளே போய்ப் பார்த்தால் நாலு வீடியோவில் ப்ராம்ப்ட் எழுதுவது எப்படின்னு இருக்கும். அந்த நாலு வீடியோவும் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கும். கருவி ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாறும்போது அந்தப் பாடமும் பழசாயிடும்.

இரண்டாவது வகை: மதிப்பிடும் இடத்தையே மாற்றுறது. ஸ்கிரீனுக்கு மதிப்பெண் குறைவு, அதுக்குப் பின்னாடி இருக்கிற காரணத்துக்கு அதிகம். ஏஐயிடம் பத்து டிசைன் வாங்கு, ஒன்பதை ஏன் தள்ளினேன்னு எழுது. எந்த இடத்தில் ஏஐயைப் பயன்படுத்தினேன்னு குறிப்பு வை. கடைசியில் நேரில் உட்கார்ந்து, "இந்தப் பட்டன் ஏன் இங்கே? யாரைக் கேட்ட? அவங்க என்ன சொன்னாங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லு. ஏஐ எழுதிக் கொடுத்த கேஸ் ஸ்டடியோட வந்தவங்க ரெண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்குவாங்க.

காசு கொடுக்கிறதா இருந்தா இந்த இரண்டாவது வகைக்குத்தான் கொடுக்கணும்.

ஒரு ஸ்கிரீன், 900 மில்லியன் டாலர்

காரணம் ஏன் ஸ்கிரீனைவிட முக்கியம்? இதுக்கு நம்ம சேனலுக்குப் பொருத்தமான ஒரு உண்மைச் சம்பவம் இருக்கு.

2020 ஆகஸ்ட். அமெரிக்காவின் சிட்டி பேங்க், ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் கடன் தொடர்பாக, கடன் கொடுத்தவங்களுக்குச் சுமார் 7.8 மில்லியன் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் போனது சுமார் 900 மில்லியன் டாலர். முழு அசலும் சேர்ந்து, வங்கியின் சொந்தப் பணத்திலிருந்து போய்விட்டது.

காரணம் ஒரு மென்பொருள் ஸ்கிரீன். அசல் தொகை வெளியே போகாம வங்கிக்குள்ளேயே ஒரு கணக்கில் நிற்கணும்னா மூன்று கட்டங்களை டிக் செய்யணும். ஊழியர் ஒன்றை மட்டும் டிக் செய்தார். அது போதும்னு நினைத்தார். சரிபார்க்க வேண்டிய மற்ற இருவரும் அப்படியே நினைத்தாங்க. மூணு பேர் பார்த்தும் தப்பு நடந்தது. சுமார் 500 மில்லியன் டாலரைச் சில நிறுவனங்கள் திருப்பித் தர மறுத்தன. 2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் அது மாறியது.

இப்போ இதை ஒரு வகுப்பறையில் வைங்க. அந்த ஸ்கிரீனை ஏஐயிடம் கொடுத்து "நவீனமா மாற்று" என்று சொன்னால், அதே மூன்று கட்டங்களை அழகான வண்ணத்தில் போட்டுத் தர வாய்ப்பு நிறைய. நல்ல ஆசிரியர் கேட்கும் கேள்வி வேற: "இந்த ஊழியர் இந்த வேலையை மாசத்துக்கு எத்தனை தடவை செய்றார்? பணம் வெளியே போகப்போகுதுன்னு எந்த இடத்தில் அவருக்குத் தெரியுது? எவ்வளவு தொகை, யாருக்கு என்பதைக் கடைசி ஸ்கிரீன் ஒரே வரியில் சொல்லுதா? சரிபார்க்கிறவருக்கும் அதே ஸ்கிரீனைத்தானே காட்டுறோம், அப்போ அவர் எதைச் சரிபார்ப்பார்?"

கேள்வி சரியா வந்துட்டா, படம் போட ஏஐ இருக்கு. கேள்வி வரலைன்னா அழகான தப்பு மட்டும்தான் மிஞ்சும்.

ஏஐயையே பேட்டி எடுக்கலாமா?

இன்னொரு புதுப் பழக்கமும் வந்திருக்கு. நிஜ ஆட்களைத் தேடிப் போகாம, "நீ 58 வயசு, ஓய்வூதியம் வாங்கும் பெண்மணி. இந்த ஆப் பற்றிச் சொல்லு" என்று ஏஐயிடமே பேட்டி எடுக்கிறது. வரும் பதில் ரொம்பப் பொருத்தமா, பேட்டி மாதிரியே இருக்கும். அசைன்மென்ட் முடிஞ்சிரும்.

ஆனா அந்த ஏஐ பெண்மணி கண்ணாடியைத் தேட மாட்டாங்க. ஓடிபி வரும்போது போனில் யாரும் கூப்பிட மாட்டாங்க. பின் நம்பரை டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்க மாட்டாங்க. நிஜ மனுஷங்க வாயால் சொல்றது ஒண்ணு, கையால் செய்றது இன்னொண்ணு. யூஎக்ஸ் ஆராய்ச்சி முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கு.

அதுக்கு நூறு பேரும் வேண்டாம். யூஎக்ஸ் உலகின் மூத்தவர்களில் ஒருவரான ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும்னு 2000-ல் எழுதினார். அஞ்சு பேர் நம்ம வீட்டிலேயும் தெருவிலேயும் இருக்காங்க.

ஏஐயால் நல்லது எதுவும் இல்லையான்னு கேட்டா, நிறைய இருக்கு. எழுத்துக்கும் பின்னணி வண்ணத்துக்கும் இடையே போதிய வேறுபாடு இருக்கான்னு (சர்வதேச அளவுகோல் சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1 என்கிறது) சரிபார்க்கச் சொல்லலாம். பேட்டிக் கேள்வியில் நாமே பதிலைத் திணிக்கிறோமான்னு கேட்கலாம். முக்கியமா, தமிழ் மீடியத்தில் படிச்சவங்க சந்தேகத்தைத் தமிழிலேயே கேட்கலாம். கேஸ் ஸ்டடியின் ஆங்கிலத்தைத் திருத்திக்கலாம். முன்னாடி இதுக்கெல்லாம் ஒரு சீனியர் தேவைப்பட்டார். ராத்திரி பதினொரு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்து படிக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

சட்டமும் பாடத்துக்குள் வந்தாச்சு

நம்மளை ஏமாற்றும் டிசைனுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர். 2010-ல் ஹாரி பிரிக்னல் என்பவர் வைத்த பெயர். கேட்காமலே கூடையில் இன்சூரன்ஸ் சேர்ந்து நிற்கிறது, சந்தாவில் சேர ஒரு கிளிக், விலக ஒன்பது கிளிக், "இன்னும் 2 நிமிஷம்தான்" என்று பொய் அவசரம் காட்டுறது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இதற்கு விதிமுறை வெளியிட்டு, 13 வகைகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் டிஜிட்டல் கேஒய்சி செய்ய முடியாமல் தவித்த வழக்கு. "கண்ணைச் சிமிட்டுங்க" என்று கேட்கும் ஸ்கிரீன் முன்னால், கண் பாதிக்கப்பட்டவர் என்ன செய்வார்? டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையின் ஒரு பகுதின்னு நீதிமன்றம் சொன்னது.

இருக்கிற ஸ்கிரீன்களைப் பார்த்துக் கற்ற ஏஐ, அதிலுள்ள கெட்ட பழக்கத்தையும் கூடவே கொண்டு வரலாம். இது சட்டப்படி சரியா, ஒருத்தரையும் வெளியே தள்ளாம இருக்கான்னு பார்த்துச் சொல்ல ஆள் வேணும். வங்கி, இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிகளில் இந்தத் திறமைக்குத் தேவை இருக்கு. நீங்க சேரப்போற கோர்ஸில் இது இருக்கான்னு பாருங்க.

இப்போ பணக் கணக்கு

தங்கச்சியோட நிலைமை இது. சம்பளம் 42,000. ஹாஸ்டல், சாப்பாடு 9,500. வீட்டுக்கு 10,000. கல்விக் கடன் இஎம்ஐ 6,500. பஸ், போன், இதர செலவு 5,000. மிச்சம் 11,000. அதில் எஸ்ஐபி 3,000 போகுது. அவசரகால நிதியா கையில் இருக்கிறது 40,000.

கோர்ஸ் ஃபீஸ் 1,50,000. 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 1,77,000. இதை 14% வட்டியில் 24 மாசம் கட்டினால் இஎம்ஐ சுமார் 8,500. மொத்தம் கட்டுறது சுமார் 2,04,000. வட்டி மட்டும் 27,000 பக்கம்.

மிச்சம் இருக்கும் 11,000-ல் 8,500 போனால் கையில் நிற்கிறது 2,500. எஸ்ஐபி நின்னுபோகும். ஒரு காய்ச்சல், ஒரு ஊர்க் கல்யாணம் வந்தா கிரெடிட் கார்டுதான்.

சரி, புது வேலையில் கைக்கு மாசம் 8,000 கூட வருதுன்னு வைங்க. போட்ட 2,04,000 திரும்ப வர சுமார் 25 மாசம் ஆகும். அதுவும் வேலை கிடைச்ச நாளிலிருந்து. ஜூனியர் டிசைனர் செய்து வந்த ஸ்கிரீன் வேலையைத்தான் ஏஐ முதலில் எடுத்துக்கொள்கிறது. அதனால் "படிச்சு முடிச்ச அடுத்த மாசமே வேலை" என்ற எண்ணத்தை வைத்து இஎம்ஐ போடாதீங்க.

கடனில் கவனிக்க வேண்டியவை:

'நோ-காஸ்ட் இஎம்ஐ': மொத்தமா கட்டினால் எவ்வளவு தள்ளுபடின்னு கேளுங்க. அந்தத் தள்ளுபடிதான் மறைந்திருக்கும் வட்டி.

கடன் யாரோடது: பெரும்பாலும் ஒரு என்பிஎஃப்சி முழுப் பணத்தையும் கோர்ஸ் நிறுவனத்துக்கு முதல்லயே கொடுத்திடும். நீங்க பாதியில் விட்டாலும், கோர்ஸ் நல்லா இல்லைன்னாலும், கடன் உங்க பேர்ல ஓடும். கட்டலைன்னா சிபில் ஸ்கோர் அடிபடும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னாடி வந்து நிற்கும்.

கேஎஃப்எஸ்: கடன் விவரங்களை ஒரே இடத்தில் சொல்லும் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' தரணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. அதில் ஏபிஆர் என்ற வருடாந்திர மொத்தச் செலவு விகிதத்தைப் பாருங்க. டிஜிட்டல் கடனில் அபராதம் இல்லாம விலகிக்கொள்ள ஒரு 'கூலிங் ஆஃப்' காலமும் உண்டு. எத்தனை நாள்னு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி படிங்க.

ஞாயிற்றுக்கிழமைக் கெடு: மேலே சொன்ன பொய் அவசரம் ஞாபகம் இருக்கா? யூஎக்ஸ் சொல்லிக்கொடுக்கிற இடமே அதைப் பண்ணினா, அங்கே என்ன கத்துக்கப் போறீங்கன்னு யோசிங்க.

சேருவதற்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. கோர்ஸ் முழுக்க எத்தனை நிஜ ஆட்களை நான் நேரில் சந்தித்துச் சோதிக்கணும்? பதில் "டெம்ப்ளேட் தருவோம்" என்றால் யோசிங்க.

2. என் வேலையை யார், எத்தனை தடவை, நேரலையில் விமர்சிப்பார்? அவர் இப்போ எங்கே டிசைனரா வேலை பார்க்கிறார்?

3. ஏஐ பயன்படுத்துவதற்கு உங்க விதி என்ன? "பயன்படுத்தவே கூடாது" என்பதும் பிரச்சினை, "எல்லாத்துக்கும் பயன்படுத்துங்க" என்பதும் பிரச்சினை. எங்கே, ஏன் என்று விளக்கினால் அவங்க யோசிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

4. கடைசி ரெண்டு பேட்ச் மாணவர்களில் மூணு பேரிடம் நானே பேச முடியுமா? நீங்க தேர்ந்தெடுக்கும் மூணு பேர் வேண்டாம். லிங்க்ட்இன்ல நான் தேர்ந்தெடுப்பேன்.

5. நாலு வாரத்தில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும்? எழுத்தில் தருவீங்களா? 'பிளேஸ்மென்ட் உத்தரவாதம்' என்றால் அதன் நிபந்தனைகளையும் எழுத்தில் கேளுங்க.

பணம் கட்டும் முன் ஆறு வார ஒத்திகை

நான் தங்கச்சிக்குச் சொன்ன பதில், "சேராதீங்க" என்பது இல்ல. "ஆறு வாரம் தள்ளிப்போடுங்க" என்பதுதான். அந்த ஆறு வாரத்தில் ரெண்டு ஒத்திகை.

முதல் ஒத்திகை பணத்துக்கு. இஎம்ஐ கட்டுற மாதிரியே மாசம் 8,500-ஐ சம்பளம் வந்த அன்னிக்கே தனியா ஒரு கணக்கில் போடுங்க. ரெண்டு மாசம் மூச்சுத் திணறாம ஓட்ட முடியுதான்னு தெரிஞ்சிரும். முடிஞ்சா, கையில் 17,000 இருக்கும். கடன் அந்த அளவுக்குக் குறையும். முடியலைன்னா, பெரிய நஷ்டம் இல்லாம உண்மை தெரிஞ்சது.

இரண்டாவது ஒத்திகை வேலைக்கு. வார இறுதியில் நாலு மணி நேரம் போதும்.

முதல் வாரம்: நிஜமான ஒரு சின்ன வேலையை எடுங்க. மின் கட்டணம் கட்டுறது, சிலிண்டர் பதிவு செய்றது மாதிரி.

இரண்டாவது வாரம்: அஞ்சு பேர் அதைச் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்க. உதவி செய்யாதீங்க. வாயை மூடிட்டு எழுதுங்க. பின் நம்பர் போடும்போது முகத்தைத் திருப்பிக்கோங்க, வீடியோவும் எடுக்காதீங்க.

மூன்றாவது வாரம்: எங்கே தடுமாறினாங்க, ஏன்னு ஒரே பக்கத்தில் எழுதுங்க.

நான்காவது வாரம்: ஏஐ கருவியில் பத்து வடிவம் வாங்குங்க. ஒன்பதைத் தள்ளுங்க. தள்ளினதுக்குக் காரணம் எழுதுங்க.

ஐந்தாவது வாரம்: மிச்சமானதைத் திரும்ப மனுஷங்ககிட்ட கொடுத்துப் பாருங்க.

ஆறாவது வாரம்: மூணு பக்கத்தில் தொகுத்து, வேலை பார்க்கிற ஒரு டிசைனரிடம் காட்டி, கேள்வி கேட்கச் சொல்லுங்க.

ஃபிக்மாவில் இலவசத் திட்டம் இருக்கு. ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் மனித-கணினி ஊடாட்டப் பாடங்கள் என்பிடெல் தளத்தில் இலவசமாக இருக்கு. சான்றிதழ் தேர்வு எழுதினால் மட்டும்தான் கட்டணம். கூகுளின் யூஎக்ஸ் சான்றிதழ் கோர்ஸ் 2021-லிருந்து கோர்செராவில் மாதச் சந்தாவில் கிடைக்குது. முழுநேரப் பட்டப்படிப்புதான் வேணும்னா ஐஐடி பம்பாயின் வடிவமைப்புப் பள்ளி (1969-லிருந்து இருக்கு), அகமதாபாத் என்ஐடி (1961) மாதிரி இடங்கள் இருக்கு; அதுக்கு நுழைவுத் தேர்வு எழுதணும். அது வேற பாதை, வேற பட்ஜெட்.

ஆறு வாரம் கழிச்சும் ஆர்வம் குறையலைன்னா, எந்த இடத்தில் உங்களுக்கு ஆசிரியர் தேவைன்னு அப்போ உங்களுக்கே தெரியும். அதுக்கு மட்டும் காசு கொடுங்க.

இன்னொண்ணு. உங்க இப்போதைய வேலையைக் குப்பைன்னு நினைச்சுத் தூக்கிப் போடாதீங்க. டெஸ்டிங் பார்த்தவங்களுக்கு 'எங்கே உடையும்' என்ற கண் இருக்கு. வங்கிக் கிளையில் இருந்தவங்களுக்கு வாடிக்கையாளர் எங்கே தயங்குவார்னு தெரியும். கால் சென்டரில் இருந்தவங்க ஆயிரம் பேரோட புலம்பலைக் கேட்டிருக்காங்க. ஸ்கிரீன் போடுறது மலிவான பிறகு, அந்த அனுபவத்துக்குத்தான் விலை கூடியிருக்கு.

தங்கச்சி என்ன பண்ணாங்க?

அந்த ஞாயிற்றுக்கிழமை போயிடுச்சு. தள்ளுபடியும் போகலை, செவ்வாய்க்கிழமை போன் பண்ணி "உங்களுக்காக நீட்டிச்சிருக்கோம்" என்றாங்களாம்.

ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு மெயில் வந்தது. ஹாஸ்டல்ல சமைக்கிற அக்கா மின் கட்டணம் கட்டுறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்காங்க. ஆப் இணைப்பு எண் கேட்குது. அக்கா அந்த எண்ணை அதே போன்லதான் போட்டோவா வச்சிருக்காங்க. போட்டோவைப் பார்க்க ஆப்பை விட்டு வெளியே போகணும். நாலு இலக்கத்தை மனசுல வச்சுக்கிட்டுத் திரும்பி வந்தா, ஆப் முதல்லயிருந்து ஆரம்பிக்குது. மூணு தடவை முயற்சி பண்ணிட்டு, "நீயே கட்டிக் கொடு கண்ணு" என்று போனை நீட்டிட்டாங்களாம்.

"அண்ணா, நான் முந்தின ராத்திரி ஏஐகிட்ட இந்த ஆப்ல என்னென்ன குறைன்னு கேட்டு இருபது பாயின்ட் வாங்கி வச்சிருந்தேன். அதில் இது இல்ல. போட்டோ அதே போன்லதான் இருக்கும்னு எனக்கே தோணலையே, நான் எப்படிக் கேட்டிருப்பேன்?"

கோர்ஸில் சேரலாமா வேண்டாமான்னு அவங்க இன்னும் முடிவு பண்ணலை. ரெண்டாவது மாச 8,500 போட்ட பிறகு சொல்றேன்னு எழுதியிருந்தாங்க. அது போதும்.

நீங்களும் இப்படி ஏதாவது கோர்ஸுக்கு இஎம்ஐ போடலாமான்னு யோசிச்சுட்டு இருந்தா, முதல்ல அந்த ரெண்டு மாச ஒத்திகையை ஆரம்பிங்க. உங்க சம்பளக் கணக்கையும் கோர்ஸ் ஃபீஸையும் கமெண்ட்ல எழுதுங்க, அடுத்த வீடியோவில் சேர்ந்து கணக்குப் போடலாம்.